தம்பிக்கு, செவலை ஓசூர் போவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் நாய் செவலையை ஓசூரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வரப்போகிறோம். இந்த முறை திரும்பக் கூட்டிவரப் போவதில்லை. இதைத் தொலைபேசியிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் மாத்திரை, அம்மாவின் கால்வலி என்று இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொள்வதே நமக்குப் பழக்கமாகி இரண்டு வருடங்களுக்கு மேலாகிறது. மேலும், 2023 மார்ச்சில், பூட்டிய வீட்டில் அவன் நின்ற படத்தை நீ ஊரே பார்க்கும்படி இணையத்தில் போட்டாய். அதன் கீழே என்னை ஏசியவர்களில் ஒருவருக்குக்கூட என்னைத் தெரியாது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அம்மாவும் படிப்பார் என்பதால் சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். எவை என்று உனக்கே தெரியும்.

அவன் நம் வீட்டுக்கு வந்த கதையை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ அறியாதது, நீ படிப்பதற்காக டொராண்டோவுக்கு விமானம் ஏறிய பிறகு நடந்ததுதான். 2020 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் வரை பெங்களூரு அல்சூர் வீட்டில் நீ, நான், உன் மச்சான் மூவரில் ஒருவராவது எப்போதும் இருந்தோம். ஊரடங்கும், அதன் பிறகு வீட்டிலிருந்தே பார்த்த வேலையும் அப்படி வைத்திருந்தன. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் தனியாக இருப்பது எப்படி என்று ஒரு நாய்க்குட்டி கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களில் அவனுக்கு அதைக் கற்றுக்கொள்ளும் அவசியமே வரவில்லை. நாமும் அதைப் பாசம் என்று நினைத்தோம். ஆகஸ்டில் நீ போனாய். செப்டம்பரில் என் அலுவலகமும் உன் மச்சானின் அலுவலகமும் வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வரச் சொல்லின. மாரத்தஹள்ளி வரை போய்த் திரும்பும் போக்குவரத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம். ஒரே மாதத்தில் அவன் உன்னையும் இழந்தான், பகலையும் இழந்தான்.

அவன் எங்கள் புறப்பாட்டை எதை வைத்துக் கண்டுகொண்டான் தெரியுமா? என் அடையாள அட்டையின் பட்டை, ஆணியிலிருந்து எடுக்கும்போது சுவரில் உரசும் சத்தம். அது கேட்டதுமே மூச்சிரைக்கத் தொடங்கிவிடுவான். ரப்பர் பொம்மைக்குள் தயிர்ச்சோற்றைத் திணித்து, முதல் நாள் இரவே உறைய வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். மாலையில் நான் திரும்பும்போது அது வைத்த இடத்திலேயே இளகி, எறும்பு மொய்த்துக் கிடக்கும். நான் செருப்பைக் கழற்றிய பிறகுதான், என் காலடிக்கு இழுத்துவந்து, என்னைப் பார்த்துக்கொண்டே நக்குவான். தனியே இருக்கும்போது பிடித்த தின்பண்டத்தைக்கூடத் தொடாத நாய்க்கு இருப்பது குறும்பு அல்ல, பீதி என்று மருத்துவர் சொன்னார். அதுவரை அவன் கிழித்த தலையணைகளுக்காக நான் அவனைத் திட்டியிருக்கிறேன். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். இது உனக்குத் தெரியாது.

இனி அந்த 2023 மார்ச்.

ஊரில் அம்மா குளியலறையில் விழுந்த செய்தி வந்தபோது வெள்ளிக்கிழமை இரவு பத்தரை. இரவுப் பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். ரயிலில் வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் கூபே எனும் தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் உள்ள கூண்டில் அடைத்து அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் இரண்டுக்கும் வழியில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் நாய் என்றதும் மறுத்துவிட்டார். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு விடுதிகளுக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. மாடி வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் சோறு வைத்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போகும்படி கேட்டுக்கொண்டு, அவன் தூங்கட்டும் என்று காத்திருந்து, விடைபெறாமல் கதவைப் பூட்டினோம். உன் மச்சான் திரும்பி வந்து கதவைத் திறந்தது ஞாயிறு மதியம். 37 மணி நேரம். "கூடவே கொண்டுபோயிருக்கலாமே" என்று எழுதிய அத்தனை பேருக்கும் இதுதான் என் விளக்கம். சரியான விளக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த 37 என்ற எண்ணை வேறெங்காவது பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

சனிக்கிழமை இரவு, நம் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த கேமராவை நீ அங்கிருந்து திறந்தாய். உனக்கு மாலை நேரம். இங்கே இரண்டு மணி தாண்டியிருந்தது. அதன் பதிவு என்னிடம் இருக்கிறது. நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

அவன் வாசற்கதவின் அடியில், நிலையோடு மூக்கை ஒட்டிப் படுத்திருக்கிறான். தூங்கவில்லை, ஆனால் அழவுமில்லை. அழுது ஓய்ந்திருந்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போது கேமராவிலிருந்து உன் குரல் வருகிறது: "செவலை... டேய் செவலை... அண்ணன்டா." அவன் எழும் வேகத்தில் பின்னங்கால்கள் மொசைக் தரையில் வழுக்குகின்றன. முதலில் உன் அறை. கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறான். அடுப்படி, குளியலறை, மீண்டும் உன் அறை. நீ மறுபடி அழைக்கிறாய். கூடத்துக்கு ஓடிவந்து, கேமரா இருக்கும் புத்தக அலமாரியில் முன்னங்கால்களை ஊன்றி நிற்கிறான். திரை முழுவதும் அவன் மூக்கு. மூச்சில் கண்ணாடி மங்குகிறது. நீ அழுதுகொண்டே பேசுகிறாய். அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கேட்கிறான். குரல் இருக்கிறது, ஆள் இல்லை, வாசனையும் இல்லை. பிறகு அவன் ஒரு முடிவுக்கு வந்ததுபோல வாசலுக்குப் போகிறான். நீ வெளியே நிற்கிறாய் என்று நினைத்திருப்பான். கதவைப் பிறாண்டத் தொடங்குகிறான். நீ கூப்பிடக் கூப்பிட, அவன் பிறாண்டப் பிறாண்ட, இருபத்திரண்டு நிமிடங்கள்.

ஞாயிறு மதியம் உன் மச்சான் பார்த்தபோது வலது முன்னங்காலில் இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன. கதவின் பிளைவுட் தோல் உரிந்து, ஓரமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. அந்தக் கதவின் முன் அவன் நிற்கும் படத்தைத்தான் நீ போட்டாய். "மூன்று நாளாகப் பூட்டிவைத்திருக்கிறார்கள்" என்று எழுதினாய். மூன்று நாள் அல்ல என்று அப்போதே உனக்குத் தெரியும்.

உன் குரல்தான் அவனை அப்படி ஆக்கியது என்பதை நான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. முதலில் ஆத்திரத்தில் சொல்லாமல் இருந்தேன். பிறகு, தெரிந்தால் நீ தாங்க மாட்டாய் என்று. இப்போது சொல்வது உன்னைத் தண்டிக்கவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் அப்படித்தான். நீ ஆறுதல் சொல்லத்தான் அழைத்தாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் பயப்படும் ஒவ்வொரு தீபாவளிக்கும் குளியலறையில் அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. அதே நீதான் அவன் அதற்குப் பழகிய பிறகு டொராண்டோவுக்குப் போனாய். படிக்கப் போனதைக் குறை சொல்லவில்லை. மாதம் ஒருமுறைகூட அவன் சாப்பிட்டானா என்று என்னிடம் கேட்காமல், கேமராவில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாயே, அதைத்தான் சொல்கிறேன்.

என் பொய் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு கைப்பேசியில் சார்ஜ் இல்லை, அதனால் கேமராவைப் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பார்த்தேன். பதினொரு மணிக்கு மருத்துவமனை வராந்தாவில் நின்று பார்த்தேன். எச்சில் வடிந்து அவன் நெஞ்சு முடி முழுவதும் நனைந்து ஒட்டியிருந்தது. அவன் மேலே பார்த்து ஒரு குரல் எடுத்தான். நான் செயலியை மூடிவிட்டேன். மறுநாள் காலை அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. என்னால் ஒருவரைத்தான் சுமக்க முடிந்தது. மாடி வீட்டு அம்மாவை எழுப்பிக் கூட இருக்கச் சொல்லியிருக்கலாம். அகால நேரமாயிற்றே என்று தயங்கினேன். அவர் கட்டாயம் வந்திருப்பார். இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவனிடம் கேட்க வழியில்லை.

என் மீது வழக்குப் போட வேண்டும் என்று சிலர் எழுதினார்கள் அல்லவா, நானே அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்ததன் பலனாக வந்த, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆவது பிரிவில், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பதும் கொடுமை என்று எழுதியிருக்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நான் காலையும் இரவும் அவனை ஏரிக்கரை வரை நடத்திக் கூட்டிப்போகிறேன்; ஞாயிறுகளில் கப்பன் பூங்காவில் விடுகிறேன். அந்த வரியின்படி என் மீது குற்றம் இல்லை என்று படித்து முடித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

அதன் பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் நீ அறிய வேண்டும். அடையாள அட்டையை எடுப்பேன், சோபாவில் உட்கார்ந்துகொள்வேன். சாவியை எடுப்பேன், காய் நறுக்குவேன். அந்தச் சத்தங்களுக்குப் பொருளில்லாமல் போகும்வரை இதைச் செய்யச் சொன்னார்கள். பிறகு கதவுக்கு வெளியே ஐந்து வினாடி, பத்து வினாடி, அரை நிமிடம். ஃப்ளூயாக்செட்டின் மாத்திரையும் கொடுத்தோம். மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குத் தரும் அதே மருந்து, அமெரிக்காவில் 2007இலேயே நாய்களின் இந்தப் பதற்றத்துக்கென்று அனுமதி பெற்றது, பயிற்சியோடு சேர்த்துத் தந்தால்தான் பலன் என்றார்கள். முதல் சில வாரங்கள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போனான். ஏழு மாதம் பாடுபட்டு நாற்பது நிமிடத்துக்கு வந்தோம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே அவன் சத்தமில்லாமல் தூங்கிய அந்த நாற்பதாவது நிமிடத்தை நீ பார்த்திருக்க வேண்டும். யாரிடமாவது சொல்லத் தோன்றியது. உன் எண்ணை எடுத்தேன், அழைக்கவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு, அலுவலக நாட்களில் ஆள் வைத்தும் விடுப்பெடுத்தும் இவ்வளவு காலம் ஓட்டினோம். வரும் மாதத்திலிருந்து வாரம் ஐந்து நாளும் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். உன் மச்சானுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல். ஆள் வைக்கலாம் என்றால், இதுவரை வந்த இருவரில் ஒருவர் அவனைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஓய்வுபெற்றதிலிருந்து வாசல் வேப்ப மரத்தடி நாற்காலியை விட்டு அதிகம் நகர்வதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். மூன்று வார இறுதிகள் செவலையை அங்கே தங்கவைத்துப் பார்த்தோம். முதல் முறை நானும் தங்கினேன். இரண்டாம் முறை இரவு மட்டும் வெளியே போனேன். மூன்றாம் முறை நான் பெங்களூருக்கே வந்துவிட்டேன். அன்று மாலை கேட் பக்கம் நின்று சிறிது நேரம் முனகிவிட்டு, பெரியப்பாவின் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டானாம். பெரியம்மா இதைத் தொலைபேசியில் மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டு, வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சீக்கிரம் என்னை விட்டுவிடுவான் என்று எதிர்பார்க்கவில்லை. அவன் நிம்மதியாக இருப்பதில் எனக்கு ஏன் வலிக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

என்னைக் கேட்காமல் எப்படி முடிவு செய்தாய் என்று நீ கேட்பாய். கேட்டிருக்க வேண்டும்தான். நீ வேண்டாம் என்று சொல்வாய், ஆனால் வர மாட்டாய் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். அவனுடைய தட்டு, பட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. நீ விட்டுப்போன கட்டம் போட்ட நீலச் சட்டையில்தான் இன்றும் தூங்குகிறான். துவைத்தால் உன் வாசனை போய்விடும் என்று ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. அதை அப்படியே மடித்து மேலே வைத்திருக்கிறேன். கேமராவை நேற்று கழற்றிவிட்டேன். பெரியப்பா வீட்டில் அது இருக்காது. அவருடைய எண் உன்னிடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் அழைத்து அவனைப் பற்றிக் கேள். பேசும்போது ஸ்பீக்கரில் மட்டும் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ நேரில் வரும் வரை உன் குரல் அவன் காதில் விழக் கூடாது.

அக்கா