துரையப்பாவில் ஒரு ஆட்டம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மச்சான்,

உன் நீண்ட கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது, பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதே. முதலில் சின்னவளுக்குக் காய்ச்சல், அது விட்டதும் மனைவிக்கு, அதற்குள் தண்ணீர் மோட்டர் எரிந்துபோனது, கடைக் கணக்கு முடிக்கும் நாட்களும் அதோடு சேர்ந்துகொண்டன. இப்போது எல்லாம் சரி. உன் முழங்கால் எப்படி? படி ஏறும்போது மட்டும்தான் வலி என்றால் முதலில் எடையைக் குறைத்துப் பார்.

உங்கள் கிளாஸ்கோவின் 2026 பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு உன் மகன் தொண்டனாகப் பதிந்திருக்கிறான் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஜூலை 23இல் தொடக்கம், பத்தே பத்து விளையாட்டு, நான்கே இடங்கள், எல்லாம் எட்டு மைலுக்குள், புதிதாக ஒரு மைதானம்கூடக் கட்டவில்லை என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி போட்டிருந்தாய்: "இவ்வளவு சின்னதாக நடத்தலாம் என்றால் கொழும்பு ஏன் நடத்தக்கூடாது?" அந்த வரியைத்தான் நான் இத்தனை நாளும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

பொதுநலவாய விழா இல்லாவிட்டாலும் தெற்காசிய விளையாட்டு விழாவைக் கொழும்பு நடத்தியிருக்கிறது மச்சான், இரண்டு தடவை. முதல் தடவை 1991 டிசம்பர் கடைசியில், அப்போது அதற்குப் பெயர் சாஃப் விளையாட்டு. நமக்கு அப்போது பதின்மூன்று வயது, யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். உங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவின் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, நீ பெடலைச் சுற்ற நான் டைனமோ வயரை ரேடியோவில் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ களைத்து மெதுவாகச் சுற்றினால் அறிவிப்பாளரின் குரலும் தேய்ந்து இறங்கும். ஒரு ஓட்டப் போட்டியின் நடுவில் அப்படி இறங்கி, நீ மறுபடி வேகம் பிடிப்பதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் உன் அப்பா எதிர்வீரசிங்கத்தின் கதையைச் சொன்னார், யாழ் மத்திய கல்லூரிப் பையன், 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர் என்று. அவரும் 2024இல் போய்விட்டார். செய்தி பார்த்த அன்று எனக்கு உன் அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

இரண்டாவது தடவை 2006 ஆகஸ்ட். நல்லூர்த் திருவிழாவுக்கு என்று ஊருக்குப் போன நீ மாட்டிக்கொண்டாய். 11ஆம் தேதி யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போய்வரும் முகமாலைச் சோதனைச் சாவடி பூட்டப்பட்டது. 14ஆம் தேதி முல்லைத்தீவில் செஞ்சோலை வளாகத்தில் விமானப்படை குண்டு போட்டு அத்தனை மாணவிகள் செத்தார்கள், அதே நாள் இங்கே கொள்ளுப்பிட்டியில் பாகிஸ்தான் தூதுவர் போன வாகனத் தொடருக்குக் கிளைமோர் குண்டு வைத்ததில் ஏழு பேர். கிரிக்கெட் ஆட வந்திருந்த தென்னாபிரிக்க அணி மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. ஆனால் 18ஆம் தேதி சுகததாஸ விளையாட்டரங்கில் தெற்காசிய விளையாட்டு விழா தொடங்கியது, எட்டு நாடுகளும் வந்தன. இதை நான் இன்றைக்கும் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அந்த வீரர்கள் பயந்து வராமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நான் ஒரு நாள் மெய்வல்லுநர் போட்டி பார்க்கப் போனதை உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. நமது அறையிலிருந்து கால்மணி நேர நடைதானே, அதற்குள் மூன்று இடத்தில் மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்து நீட்டினேன். மூன்றாவது இடத்தில் நின்ற ஆமிக்காரப் பையன், இருபது வயதுகூட இருக்காது, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஓடுகிறவனா?" என்று சிங்களத்தில் கேட்டான். இல்லை, பார்க்கப் போகிறேன் என்றேன். விட்டுவிட்டான். உள்ளே பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர், கடலைப் பையை நடுவில் வைத்து எனக்கும் சேர்த்து உரித்துக்கொண்டிருந்தார். பத்தாயிரம் மீற்றரில் எல்லோரும் முடித்த பிறகும் ஒரு வீரர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார், ஒரு முழுச் சுற்றுக்கு மேல் பின்னால். அவர் எங்கள் பக்கம் வரும்போது பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார், அப்படியே வரிசை வரிசையாக எழுந்தார்கள், நானும் எழுந்து தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடித்து உட்கார்ந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. உன்னோடு போனில் பேசிப் பல நாள் ஆகியிருந்தது, உயிரோடு இருக்கிறாயா என்றே தெரியாது, நான் இங்கே கை தட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசிப் போட்டி வரை இருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். நீ கப்பலில் திருகோணமலை வழியாக வந்து சேர்ந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே கொழும்பால் முடியுமா என்பது என் கேள்வி இல்லை. அப்புறம் அம்பாந்தோட்டைக் கதை உனக்குத் தெரியும். 2018 பொதுநலவாய விழாவைக் கேட்டுப் போய், 2011 நவம்பரில் சென்ட் கிட்ஸில் நடந்த வாக்கெடுப்பில் 43க்கு 27 என்று கோல்ட் கோஸ்ட்டிடம் தோற்றோம். 2017 ஆசிய இளையோர் விழாவும் அங்கே என்று அறிவித்து, அதுவும் கைவிட்டுப் போனது. அன்றைக்கு வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன், இன்றைக்கு அந்த 27 வாக்கு 27ஆகவே நின்றதற்குச் சந்தோஷப்படுகிறேன். அங்கே ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியிருக்க வேண்டும். மொன்ட்ரியல் 1976 ஒலிம்பிக் கடனைக் கட்டி முடிக்க முப்பது வருடம் எடுத்தது. அவுஸ்திரேலியாவின் பணக்கார விக்டோரியா மாநிலமே 2026 விழாவைச் செலவு தாங்காது என்று 2023இல் கைவிட்டு 38 கோடி அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு கட்டியது, அதனால்தானே விழா உங்கள் ஊருக்கு வந்தது. நாம் 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்கள். அந்த வருடம் பர்மிங்காமில் யுபுன் அபேகோன் 100 மீற்றரில் வெண்கலம் எடுத்தார், அதே விழாவுக்குப் போன நமது குழுவில் சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை மச்சான், வயிறுதான் எரிந்தது.

2014இல் உங்கள் ஊரில் பொதுநலவாய விழா நடந்தபோது நீ ஹாம்ப்டன் பார்க் பற்றி எழுதியது இன்னும் என் மனதில் இருக்கிறது. உதைபந்தாட்ட மைதானத்தை ஆயிரக்கணக்கான இரும்புக் கால்கள் வைத்துக் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் உயர்த்தி, அதன்மேல் ஓடுபாதை போட்டு, விழா முடிந்ததும் கழற்றி மறுபடி உதைபந்தாட்டத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தப் புத்திதான் நமக்கு வேண்டும். இருப்பதைத் திருத்து, முடிந்ததும் அந்த அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே விடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த தடவை தெற்காசிய விழா இங்கே வந்தால் ஒரு விளையாட்டாவது யாழ்ப்பாணத்தில் நடக்க வேண்டும். துரையப்பா விளையாட்டரங்கை 2016இல் இந்திய உதவியில் திருத்தித் திறந்தார்கள், ரயிலும் 2014இல் மறுபடி வந்துவிட்டது. உதைபந்தாட்டத்தில் ஒரு பிரிவின் முதல் சுற்று ஆட்டங்களை அங்கே வைக்கலாம், நேபாளமும் மாலைதீவும் ஆடினாலும் அரங்கு நிறையும், நமது ஊர் உதைபந்தாட்டப் பைத்தியம் உனக்குத் தெரியாததா! இரண்டு தடவையும் இந்த நாட்டில் விழா நடந்தது, இரண்டு தடவையும் நமது ஊரைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு ஆட்டம் அங்கே நடந்தால், பெடல் சுற்றாமல், அட்டை நீட்டாமல், மதில் பக்கமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பையன் உள்ளே போய்ப் பார்ப்பான். எனக்கு அது போதும். 2030 பொதுநலவாய விழா இந்தியாவின் அகமதாபாத்துக்குப் போயிருக்கிறது, பக்கத்து வீடு, முடிந்தால் நாம் இருவரும் போவோம்.

பெரியவள் இந்த வருடம் 200 மீற்றரில் மாகாண மட்டம் வரை போனாள். பழகும் மைதானத்தில் வளைவில் ரப்பர் பெயர்ந்து கிடக்கிறது, இரண்டாம் பாதையில் ஓட வேண்டாம் என்று பயிற்றுவிப்பாளரே சொல்கிறார். ஓட்டம் நன்றாக இருக்கிறது, புறப்படும்போதுதான் பிந்துகிறாள். மகனுக்கு மெய்வல்லுநர் போட்டிகளுக்கான ஸ்கொட்ஸ்டவுன் அரங்கில் வேலை போட்டால், அனுமதி இருந்தால் மட்டும், பெண்கள் புறப்படும் இடத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல், முடிவுக் கோடு வேண்டாம், அது டிவியில் வரும். முதல் மூன்று அடிதான் அவளுக்குப் பார்க்க வேண்டும்.

ஓடுகிறவர்கள் போடும் ஸ்பைக்ஸ் சப்பாத்து இங்கே கையைச் சுடும் விலை. அவள் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். மலிவு விற்பனையில் கண்டால் ஒரு சோடி வாங்கி வை, வளரும் கால், பெருவிரல் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு.

அன்புடன்,
சிவா