நாடகம் பார்த்த சனம் படம் பார்த்துச் சொன்னது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வள்ளி திருமணம் நாடகத்தை வைத்து நீ எடுத்த படத்தை மண்டபத்தில் போட்டுக் காட்டிவிட்டு, பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் போனில் அனுப்பியிருந்தாய். நானும் அம்மாவும் ஒன்று விடாமல் படித்தோம். "நீளம்", "பாட்டு அதிகம்", "தர்க்கம் சப்புன்னு இருக்கு", "வள்ளிக்கு வாய் ஒட்டல", "முடிவு அவசரம்". சுற்றிச் சுற்றி இந்த ஐந்துதான். இதை வைத்து இருபது நிமிடம் வெட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வெட்டுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள், தாயி.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு வள்ளி கதை புதிதில்லை. அடுத்து என்ன பாட்டு வரும் என்பது வரைக்கும் தெரியும். அவர்கள் உன் படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டு எழுதவில்லை, மேடையில் பார்த்ததோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் அங்கே வேலை உண்டு. பாட்டு பிடித்தால் விசில் அடித்து மறுபடி பாடச் சொல்வான். நோட்டை நடிகர் சட்டையில் குத்திவிட்டு மைக்கில் தன் பெயரைச் சொல்ல வைப்பான். அலுத்தால் டீ குடிக்கப் போவான். தூக்கம் வந்தால் பாயில் சாய்ந்துகொண்டு, "நாரதர் வந்தா எழுப்பு" என்று பக்கத்தில் சொல்லி வைப்பான். நாடகம் எவ்வளவு நீளம் என்பதைப் பாதிக்கு மேல் அவனே முடிவு செய்கிறான். படத்தில் அது அவ்வளவும் உன் கைக்கு வந்துவிட்டது. சீட்டில் உள்ள குறைகளை இதை மனதில் வைத்துப் படித்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

நீளத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடிகிற வரை பார்க்கிற சனம் இரண்டேகால் மணி நேரப் படத்தை நீளம் என்றால், கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரே நடையில் அடுத்தடுத்துப் பாட்டு வருகிற இடத்தைச் சொல்கிறார்கள். உன் படத்தில் வள்ளி கிளி விரட்டிப் பாடுகிற ஆலோலம் முடிகிறது, நாரதர் விருத்தம் தொடங்குகிறது, உடனே இன்னொரு விருத்தம். மூன்றும் நிதானம். இதில் விருத்தம் இரண்டும் தாளமே இல்லாதவை. மேடையில் இந்த மூன்றுக்கும் நடுவில் மிருதங்கக்காரரோடு ஒரு வம்பு, ஒரு கைதட்டல், ஒரு அன்பளிப்பு அறிவிப்பு என்று ஏதாவது வந்து மூச்சு விட வைக்கும். பாட்டு எண்ணிக்கை தனியாக ஒரு குற்றம் கிடையாது. மேடையில் ஓடிய பவளக்கொடியை 1934இல் கே. சுப்பிரமணியம் படமாக்கியபோது, மேடையில் நடித்த தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையுமே போட்டு, ஏறக்குறைய ஐம்பது பாட்டு வைத்தார். சனம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. அதனால் பாட்டை எடுக்காதே. இரண்டாவது விருத்தத்தை நாரதர் முருகனிடம் போய்ச் சொல்கிற காட்சிக்கு நகர்த்து. மிச்சமுள்ள விருத்தத்தில் ஆர்மோனியத்தைக் காட்டு.

ஏன் என்று சொல்கிறேன். விருத்தத்தில் மேடையில் நடப்பது ஒரு துரத்தல். பாடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று ஆர்மோனியக்காரருக்குத் தெரியாது. இடது கை துருத்தியை மெதுவாக அழுத்தியபடி இருக்கும், வலது கை விரல்கள் பாட்டுக்கு அரை மூச்சு பின்னால் வந்து அதே பிடியை எடுக்கும். பாடுகிறவர் மேல் சட்ஜத்தைத் தொட்டு நிறுத்தினால், இவர் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்ப்பார், இறங்கப் போகிறாரா, இன்னும் ஏறுவாரா என்று. முன் வரிசையில் இருப்பவர்கள் அந்தப் பார்வைக்காகவே கழுத்தை நீட்டுவார்கள். உன் படத்தில் ஆர்மோனியம் சத்தமாக மட்டும் வருகிறது, ஆளைக் காணோம். பார்க்கிறவனுக்கு அது ஒரு நீண்ட ஆகாரம், அவ்வளவுதான்.

தர்க்கம் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், அங்கேதான் படம் உண்மையாகவே இறங்குகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் வாதம் உண்டு. ஆனால் இன்று ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றைக்கு மட்டும் கூடி நடிப்பதில், மணிக்கணக்காக நடக்கிற தர்க்கம் நடிகர்கள் மேடையில் வளர்த்தது. நாரதர் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. அவர் என்ன கேட்பார் என்று இவருக்குத் தெரியாது, இவர் எப்படி மடக்குவார் என்று அவருக்குத் தெரியாது. யார் திணறுவார் என்று பார்க்கத்தான் சனம் விழித்திருக்கிறது. நீ எடுத்திருப்பதில் கேள்வி ஒரு ஷாட், பதில் இன்னொரு ஷாட். வெட்டி ஒட்டினால் அந்தப் பதிலை எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும், ஜெயித்தது யார் என்ற கேள்வியே செத்துப் போகும். போதாததற்கு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலிருந்த மௌனத்தைத் தொய்வு என்று நினைத்து எடுத்திருக்கிறாய். அந்த மூன்று நான்கு விநாடிதான் தர்க்கம்.

இதற்கு எடிட்டிங்கில் பாதி வழிதான் உண்டு. இருவரும் ஒரே சட்டத்துக்குள் நிற்கிற அகல ஷாட் எங்கெங்கே இருக்கிறதோ அதை எல்லாம் மீட்டுக்கொண்டு வா. கேள்வி விழுந்ததிலிருந்து பதில் முடிகிற வரை வெட்டு வேண்டாம். மௌனத்தில் பின்னணி இசை போடாதே, சுருதி மட்டும் ஓடட்டும். மீதி வழி மறுபடி எடுப்பதுதான். இரண்டு கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிடு, ஒன்று இருவரையும் பார்க்கட்டும், இன்னொன்று கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பார்க்கட்டும். என்ன கேட்கப் போகிறார் என்பதை எதிராளிக்குச் சொல்லாதே. எதிரே இருபது பேரையாவது உட்கார வை. ஆள் இல்லாத இடத்தில் இந்தக் கலைஞர்களுக்கு வேகம் பிறக்காது. இருபது நிமிடம் எடுத்தால் ஏழு நிமிடம் தேறும், அது போதும். இப்போது இருக்கிற பன்னிரண்டு நிமிடத்தை விட அந்த ஏழு நிமிடம் குறைவாகத் தோன்றும்.

வாய் ஒட்டவில்லை என்று எழுதியவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாயா? ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் திரையடியில் இருந்து, ஆள் 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிற படத்தில் சத்தம் அவருக்கு இரண்டு பிரேம் தாமதமாகப் போகிறது. நீ எடிட் செய்யும்போதே ஒன்றிரண்டு பிரேம் பின்தங்கியிருந்தால் அதோடு இதுவும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். குரல் உதட்டுக்குப் பின்னால் மூன்று பிரேம் வரை வந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள், முன்னால் ஒரு பிரேம் வந்தாலே உறுத்தும். இன்னொன்றையும் பார். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், படம் 24 பிரேமிலும் ஒலி 23.976க்குச் செய்ததாகவும் இருக்கும். மணிக்கு 3.6 விநாடி வித்தியாசம் வரும். வசனம் எல்லாம் சரியாக இருந்து பாட்டு மட்டும் விலகினால் காரணம் வேறு.

உன் படத்தில் அந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். வள்ளியாக நடித்தவர் மேடை ஸ்திரீபார்ட், அதாவது நாடகத்தில் நாயகியாக நடிப்பவர். அவர் ஒரு வரியை இரண்டு தடவை ஒரே மாதிரிப் பாடவே மாட்டார், வரியை வளைத்துப் பாடுகிற சங்கதி மாறும். ஸ்டுடியோவில் பாடிய சங்கதி ஒன்று, வயலில் நிற்கும்போது வாய்க்கு வருவது இன்னொன்று. அதோடு வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு புடைக்காது, மூச்சு வாங்குவது தெரியாது. சனம் உதட்டை மட்டுமா பார்க்கிறது? 'லே மிசராப்ள' நாடகத்தை 2012இல் படமாக்கியபோது நடிகர்களைப் படப்பிடிப்பிலேயே பாட விட்டார்கள். காதில் சின்ன இயர்பீஸ் வைத்துப் பியானோவை மட்டும் கேட்டபடி பாடினார்கள், ஆர்க்கெஸ்ட்ராவைப் பிற்பாடு சேர்த்தார்கள். உனக்கும் அதுதான் சரி, பியானோ இடத்தில் ஆர்மோனியம். முகத்தை மட்டும் அந்தப் படம் போல அவ்வளவு நெருங்கிக் காட்டாதே, அங்கேயும் பலருக்கு அது அலுத்துப் போனது.

எடுத்து முடித்துவிட்ட பாட்டுகளுக்கும் வழி இருக்கிறது. ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 1945ஆம் வருஷத்து ஸ்ரீவள்ளி படத்தில் வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டுக் குரல் சரிவரவில்லை என்று படம் பிடித்த பிறகு அதை நீக்கி, பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். ஓடுகிற வாயைப் பார்த்துப் பாடுவது, வாயைப் பாட்டுக்கு அசைப்பதை விட நெருக்கமாக வரும். உன் வள்ளியையே திரைக்கு முன்னால் உட்கார வைத்து, வரி வரியாகப் பாடவை. ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் எடுக்க முயலாதே.

"கத்துறாங்க" என்று சிலர் எழுதியிருப்பதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அதையும் கவனி. மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும் என்று நாடகத்தில் சுருதியை உயர்த்திப் பாடிப் பழகினார்கள். ஆண்களே நாலு, ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் பாடுவார்கள். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்துப் பதிந்தால் அது பாட்டாக வராது, அடியாக வரும். சுருதியை ஒரு கட்டை குறைத்தால் வார்த்தை தெளியும், ஆனால் முருகனுக்குக் கம்பீரம் போய்விடும். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டில் 'காயாத கானகத்தே'யைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சுருதி அப்படியே இருக்கட்டும். மைக்கை மூன்று நான்கு அடி தள்ளித் தலைக்கு மேலே கட்டு. மேல் ஸ்தாயி வருகிற வரிகளில் கேமராவையும் தள்ளி நிறுத்து, கீழே இறங்குகிற வரிகளில் கிட்டே வா.

பபூன் காமிக்கை முழுசாக நீக்கியதைப் பெண்கள் பாராட்டியிருக்கிறார்கள், ஆண்கள் சிலர் தேடியிருக்கிறார்கள். இரட்டை அர்த்தப் பேச்சைத் தூக்கியது சரிதான், யார் கேட்டாலும் திரும்பக் கொண்டுவராதே.

முடிவு அவசரம் என்று சொன்னவர்கள் சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. யானை வருகிறது, வள்ளி கிழவனிடம் ஓடுகிறாள், முருகன் உருக்காட்டுகிறார், மாலை மாறியதும் திரை கறுத்துப் பெயர்கள் ஓடுகின்றன. மேடையில் அதற்குப் பிறகு எல்லோரும் வரிசையாக நின்று மங்களம் பாடுவார்கள். அமெரிக்காவில் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற இசை நாடகத்தை 1986இல் படமாக்கினார்கள். மேடையில் நாயகன், நாயகி இருவரையும் செடி தின்றுவிடும், சனம் கைதட்டிவிட்டுப் போகும். அதே முடிவோடு படத்தை முன்னோட்டமாகக் காட்டியபோது பார்த்தவர்கள் ஏற்கவில்லை. மேடையில் செத்தவர்கள் கடைசியில் எழுந்து வந்து வணங்குகிறார்கள், படத்தில் செத்தவர் செத்தவர்தான் என்பதுதான் இயக்குநர் ஃபிராங்க் ஓஸ் கண்ட காரணம். முடிவை மாற்றி எடுத்து வெளியிட்டார்கள். உன் கதையில் யாரும் சாகவில்லை, ஆனால் நம்மோடு இருந்தவர்களை முறையாக அனுப்பி வைக்காதது அதே குறைதான். மங்களத்தை முழுசாக வை, நாற்பது ஐம்பது விநாடி. வள்ளி, முருகன், நாரதரோடு ஆர்மோனியம், மிருதங்கம், பலவித ஒலிகள் எழுப்புகிற ஆல்ரவுண்டு எல்லோரும் சட்டத்துக்குள் வரட்டும். பெயர்களை அதன் மேலேயே ஓடவிடு.

பாட்டு முடிகிற இடங்களையும் பார்த்துவிடு. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தபோது அடுத்த வசனம் அதில் மூழ்கிப் போனது என்று இரண்டு சீட்டில் இருக்கிறது. மூன்று விநாடி இடம் விடு, ஆனால் வெறும் இடமாக விட்டால் போனில் பார்க்கிறவனுக்குப் படம் நின்றுவிட்டது போலிருக்கும். தினைப்புனத்தில் கிளி எழும்புவது, கவண் சுழல்வது என்று பேச்சில்லாத ஏதாவது அங்கே ஓடட்டும்.

அடுத்த காட்சியைச் சித்திரை பிறந்த பிறகு வை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆண்கள் ஊரில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள், ஒன்பது மணிக்குள் முடிகிற மாதிரி தொடங்கு. வெளியில் திரை கட்டினால் கச்சான் காற்றில் துணி பாய்மரமாகிவிடும், கட்டிடத்துச் சுவரை ஒட்டிக் கட்டு. மண்டபமே என்றால் பக்கச் சுவர்களில் கனமான படுதாவைத் தொங்கவிடு, எதிரொலி அடங்கும்.

சீட்டில் "பிடித்ததா" என்று கேட்காதே. மரியாதைக்குப் பிடித்தது என்றுதான் எழுதுவார்கள். மேடையில் நாடகம் பார்த்திருக்கிறாரா, எந்த வரிசையில் உட்கார்ந்தார், எந்த இடத்தில் எழுந்து போனார், எந்தப் பாட்டைப் பாதியிலேயே முணுமுணுத்தார், இந்த நான்கும் போதும். எழுதத் தயங்குகிறவர்களிடம் வாயால் கேட்டு நீ எழுதிக்கொள். படம் ஓடும்போது ஒரு ஆள் திரைக்குப் பக்கத்தில் சனத்தைப் பார்த்து உட்கார்ந்து, யார் போனை எடுத்தார், எந்தக் குழந்தை தூங்கியது என்று நிமிடத்தோடு குறிக்கட்டும். அந்தத் தாளையும் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடிட்டிங்கைத் திற. நாடகம் பார்த்தவர்கள் சீட்டைத் தனியாகவும் பார்க்காதவர்கள் சீட்டைத் தனியாகவும் கட்டு. இரண்டிலும் ஒரே நிமிடம் வந்தால் மட்டும் அங்கே வெட்டு.

மாற்றிய தர்க்கத்தை முடித்ததும் எனக்கு அனுப்பு. ஒலியை மட்டும் தனி ஃபைலாகவும் அனுப்பு, கண்ணை மூடிக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா