வெளுத்தால் செத்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இதழில், ‘மன்னார் வளைகுடாவில் பவளச் செடிகள் வெயிலில் வெளுத்துச் செத்தன’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். படித்து முடிக்குமுன் காப்பி ஆறிவிட்டது.

31 வருடம் விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் நான். பவளத்தைச் செடி என்று எழுதிய பையன்களுக்கு முட்டை போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவன் உங்கள் பத்திரிகையும் கையுமாக வாசலில் வந்து நின்று, “சார், அந்த ஒரு மார்க்கைக் கொடுங்க” என்றால் என்ன சொல்ல?

தங்களுக்குத் தெரியாததல்ல, பவளம் ஒரு பிராணி. 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது.

அந்தப் பிராணியின் செல்லுக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் விடும் கரியமில வாயுவையும் கழிவையும் வாங்கிக்கொண்டு பாசி வெயிலில் சமைக்கிறது. சமைத்ததில் 90 சதவீதம் வரைகூட வீட்டுக்காரருக்கே போய்விடும். நல்ல குடித்தனம்தான். ஆனால் கடல் தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி ஏறி, சில வாரம் அப்படியே நின்றால் பாசியின் அடுப்பு கெட்டுப்போகிறது. சர்க்கரை குறைந்து, நச்சான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் பெரும்பாலும் பாசியுடையது. அது போனதும் கண்ணாடி மாதிரியான சதை வழியே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். அப்போதும் உயிர் இருக்கிறது ஐயா, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் மிச்சப் பாசி பெருகி நிறம் திரும்பும். நீடித்தால்தான் சாவு. சூடு தாங்குகிற பாசி வகையும் உண்டு. ஆனால் அது போடும் சோறு கொஞ்சம் குறைச்சல், பவளமும் மெதுவாகத்தான் வளரும். 2010லும் 2016லும் நம் கடல் வெளுத்தது. செத்ததும் உண்டு, தேறியதும் உண்டு. நீங்கள் ஒரே தலைப்பில் எல்லாவற்றுக்கும் காரியம் செய்து முடித்துவிட்டீர்கள்.

வெயில் மேல் மட்டும் பழி போடுவதும் சுலபம். தூத்துக்குடியில் என் ஆச்சி வீட்டுச் சுவரே முருகைக்கல்தான், அதாவது பவளப் பாறையிலிருந்து எடுத்த கல். வள்ளம் வள்ளமாக அந்தக் கல்லைக் கொண்டுவந்து கரையில் தட்டுவார்கள், அங்கிருந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். சின்ன வயதில் அந்தக் குவியல் மேல் ஏறி விளையாடியிருக்கிறேன், எனக்கும் அதில் பங்கு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போனதற்குப் பின்னால் இந்தக் கல்லெடுப்பும் இருக்கிறது. அதைப் பற்றி அன்று நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, ஊரை ‘பாளையம்’ என்று போட்டீர்கள். எந்தப் பாளையம் என்று என் மைத்துனரே கேட்டார்.

இப்போது கேட்டால் ‘அது பக்கத்து மாவட்டச் செய்தி’ என்பீர்கள். 1986இல் நெல்லையிலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தைத்தான் பிரித்தார்கள், கடலையுமா பிரித்தார்கள்? ராசிபலனில் கன்னியும் துலாமும் இடம் மாறியதற்கு மறுநாளே முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தீர்களே. சரி, பவளத்துக்கு ராசி கிடையாது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘செடிகள்’ என்பதை ‘உயிர்கள்’ என்றும், ‘செத்தன’ என்பதை ‘வெளுத்திருக்கின்றன’ என்றும் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். உள்பக்கம் போதும். ஊர்ப் பெயரை மட்டும் இந்தத் தடவை முழுதாகப் போடவும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.