பக்கத்து வீட்டுக் குயா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றால் ஏறாதே. எஞ்சின் ரூமுக்கு நாலு தளம் இறங்கி ஏறிய ஆள் என்ற வீம்பெல்லாம் இப்போது வேண்டாம்.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம், பக்கத்து வீட்டுக் குயா போய்விட்டார். போன தடவை அனுப்பிய படத்தில் முருங்கை மரத்தடியில் என்னோடு கடற்படைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற குள்ளமான பெரியவர். "யார்டா அது?" என்று கேட்டிருந்தாயே, அவர்தான். எண்பது வயது. குயா என்றால் அண்ணன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிலிப்பினோக்களோடு இருபது வருஷம் கப்பலில் குப்பை கொட்டியவன் நீ.

நாங்கள் அமெரிக்காவில், சான் டியேகோ நகரத்தின் இந்த மிரா மேசா வீட்டுக்குக் குடிவந்த வாரமே என் மனைவி வேலி ஓரம் நின்று அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து "மலுங்கை, மலுங்கை" என்றார். இவள் "முருங்கை" என்றாள். இரண்டு பேரும் எதிராளியைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் கீரையைக் கோழி சூப்பில் போடுவார்கள், தினோலா என்று பெயர். காயைத் தொடுவதில்லை. அன்றிலிருந்து கீரை அவர்களுக்கு, காய் எங்களுக்கு. பதினெட்டு வருஷம் இந்த ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் சம்பாலெஸ், சுபிக் விரிகுடாவுக்கு வடக்கே ஒரு மீன்பிடி கிராமம். சுபிக்கில் அமெரிக்கக் கடற்படையின் பெரிய தளம் இருந்தது. சின்ன வயதில் கப்பல்களை எண்ணியே வளர்ந்தாராம். 1967-இல் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, கவிதே பக்கம் சாங்லி பாயிண்ட் என்ற இன்னொரு தளத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். வாசலில் ஆயிரக்கணக்கில் பையன்கள், எடுப்பதோ கொஞ்சம் பேர். விடிகாலையில் வரிசையில் நின்றபோது எடை போதாமல் போய்விடுமோ என்று வாழைப்பழமும் தண்ணீருமாக வயிறு முட்ட அடைத்துக்கொண்டாராம். தராசில் ஏறி நின்றபோது வயிற்றுக்குள் அலை அடித்தது என்பார்.

சுதந்திர நாட்டு இளைஞனை இன்னொரு நாட்டுக் கடற்படை எப்படிச் சேர்த்துக்கொண்டது என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். 1946-இல் அமெரிக்கர்கள் பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள். 1947-இல் தளங்களுக்கான ஒப்பந்தம் போட்டபோது, அங்கேயே ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு ஷரத்தும் சேர்ந்துகொண்டது. 1952-லிருந்து 1991 வரை சுமார் 35,000 பேர் அப்படிச் சேர்ந்தார்கள். ஒரு கட்டத்தில் பிலிப்பைன்ஸின் சொந்தக் கடற்படையில் இருந்தவர்களைவிட அமெரிக்கக் கடற்படையில் இருந்த பிலிப்பினோக்கள் அதிகமாம்.

ஆனால் சேர்ந்தவர்களுக்கு வேலை ஒன்றுதான், ஸ்டூவர்ட். அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, படுக்கை விரிப்பது, துணி தேய்ப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. கணக்கில் கெட்டிக்காரர் நம் குயா. கிட்டி ஹாக் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் வியட்நாம் கடலில் மிதந்துகொண்டு, தன் வயதே ஆன லெப்டினன்ட்களுக்குக் காப்பி ஊற்றினார். கப்பல் சுபிக்கில் நங்கூரம் போடும்போது சொந்த ஊர் கூப்பிடு தூரத்தில். தளத்தின் கேட்டைத் தாண்டினால் அம்மா வைத்த குழம்பு, கேட்டுக்குள் வந்தால் ஸ்டூவர்டின் வெள்ளைக் கோட்டு.

இதில் ஒரு விநோதம் சொல்கிறேன். 1915-இலேயே தெலெஸ்போரோ திரினிதாத் என்ற பிலிப்பினோ மாலுமிக்கு இந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்திருக்கிறது. கப்பலின் பெயர் சான் டியேகோ. கொதிகலன் வெடித்தபோது தன் தீக்காயத்தையும் பார்க்காமல் கூட இருந்தவர்களைக் காப்பாற்றியவர். அதாவது அப்போது அவர்கள் கொதிகலன் அறையிலும் வேலை பார்த்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் சமையலறையோடு நிறுத்திவிட்டார்கள். 2022-இல் ஒரு புதிய போர்க்கப்பலுக்குத் திரினிதாத் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். குயா அந்தச் செய்தியைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார். அதே வருஷம்தான் பழைய கிட்டி ஹாக்கை உடைப்பதற்காக டெக்சாஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உடைக்கிற கம்பெனி அதை வாங்கிய விலை ஒரு சென்ட். "அப்படியானால் என் அடுக்களைக்கு எவ்வளவு?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து வெகுநேரம் பேசவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மற்றப் பிரிவுகளும் திறந்தன. அவர் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஸ்டோர்கீப்பர் ஆனார். குடியுரிமை வாங்கி, மனைவியை அழைத்துவந்து, படைவீரர்களுக்கான கடனில் முன்பணமில்லாமல் இந்த வீட்டை வாங்கினார். 1988-இல் சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று, அடுத்த மாதமே தபால் நிலையத்தில் இரவு ஷிப்டுக்குப் போனார். மூன்று பிள்ளைகளின் படிப்பு, ஊரில் ஐந்து தம்பி தங்கைகள். 1991-இல் பினாத்துபோ எரிமலை வெடித்து ஊர் முழுக்கச் சாம்பல் மூடியபோது, பாலிக்பாயன் என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்கு அனுப்பும் பெட்டிகளில் டப்பா மீனும் சோப்பும் துண்டும் அடைத்து அனுப்பியதில் இவர் சேமிப்பும் கரைந்தது. கடைசித் தங்கைக்கு விசா மனு போட்டபோது அவளுக்கு முடி கருப்பு. இருபத்திரண்டு வருஷம் கழித்து அவள் விமானத்தை விட்டு இறங்கியபோது இவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும். நானும் விசாவுக்குக் காத்திருந்தவன்தான், ஆனால் என் ஆறு வருஷப் புலம்பலை அவர் முன்னால் வாய் திறந்து சொன்னதில்லை.

கடற்படையை விட்ட பிறகு ஷூ பாலிஷ் டப்பாவை அவர் வீட்டுக்குள் விட்டதே கிடையாது. மகன் கல்யாணத்துக்குக்கூடக் கேன்வாஸ் ஷூதான், மனைவி எவ்வளவோ சண்டை போட்டும். ஆனால் தட்டைப் பிடிக்கிற கை மட்டும் மாறவில்லை. கட்டைவிரல் தட்டின் விளிம்புக்குள் ஒருபோதும் வராது. இடப்பக்கம் நின்று பரிமாறுவார், வலப்பக்கம் நின்று எடுப்பார். பேத்தியின் பிறந்தநாளுக்கு அவர் பன்சித் நூடுல்ஸ் பரிமாறுவதைப் பார்த்தால் விருந்தாளி நமக்கே முதுகு நிமிரும்.

இரண்டாவது மகள் கடற்படையில் அதிகாரியானாள். ஒருமுறை குடும்பங்களைக் கப்பலுக்கு அழைத்த நாளில், அதிகாரிகள் சாப்பிடும் அறைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் உட்காரவைத்திருக்கிறாள். இளவயதுப் பையன் ஒருவன் காப்பி ஜாடியோடு வந்தான். வந்ததுதான் தாமதம், இவர் சடாரென்று எழுந்து நின்றுவிட்டார். ஜாடியை வாங்கப் போன கை பாதியில் நிற்கிறது. மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையன்தான் "உட்காருங்கள், சீஃப்" என்றானாம். பழைய மாலுமிகள் கூடும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லிக் கண் கலங்குவார்கள், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று. எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. அந்தக் கை பாதியில் நின்றதே, அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் அவரிடமே கேட்டேன், என்ன நினைத்தீர்கள் என்று. "காப்பி தண்ணியாக இருந்தது. எங்கள் காலத்தில் அப்படிப் போட்டால் தொலைத்திருப்பார்கள்" என்றார். அவ்வளவுதான்.

மிரமார் படைவீரர் கல்லறையில் அடக்கம். வெள்ளை உடுப்பில் இரண்டு மாலுமிகள் கொடியை முக்கோணமாக மடித்து, குடியரசுத் தலைவர் சார்பிலும் கடற்படை சார்பிலும் நன்றியுள்ள நாட்டின் சார்பிலும் என்று சொல்லி குயாவின் மனைவியிடம் கொடுத்தார்கள். நன்றியுள்ள நாடு என்றதும் குயா தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தலைமையின்கீழ் ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை போட்டவர். 1946-இல் சட்டம் போட்டு அவரைப் போன்றவர்களின் சலுகைகளைப் பறித்தார்கள். 2009-இல்தான் ஒரு தொகை ஒதுக்கினார்கள், குடியுரிமை இருந்தால் 15,000 டாலர், இல்லாவிட்டால் 9,000. சித்தப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாள் இதெதையும் நினைக்கவில்லை. கொடியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் நீவிவிட்டபடி இருந்தார், கசங்கிய தலையணை உறையை நீவுவதுபோல.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகக்கூடாதாம். வழியில் எங்காவது நின்றுவிட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் ஆவி பின்னாலேயே வந்துவிடும். பக்பக் என்கிறார்கள், உதறிவிடுவது என்று அர்த்தம். நாம் வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம், அவர்கள் ஜாலிபீ என்ற பிலிப்பினோ துரித உணவுக் கடையில் சிக்கன் சாப்பிடுகிறார்கள். கறுப்புக் கோட்டோடு நாற்பது பேர் வரிசையில் நின்றோம். எனக்கு ஐஸ்கிரீம்தான். ஒன்பது நாள் ராத்திரி ஜெபமாலை. தினமும் போனேன். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஆறாம் நாளுக்குள் எங்கே "ஆமென்" வரும் என்று பழகிவிட்டது.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். வருகிற மாதம் பத்தாம் தேதி நாற்பதாம் நாள். அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார் வைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் வந்து கேட்டார். எத்தனையோ வருஷமாக வேலிக்கு மேல் மணம் வந்ததாம், எனக்கும் ஒருநாள் கொடுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தாராம் குயா. கேட்டதும் என் மனைவி அழுதுவிட்டாள். சுமார் எண்பது பேர் வருவார்கள். இவளுக்கு ஆறு பேருக்கு மேல் அளவு தெரியாது. கோயில் அன்னதானத்துக்கு உன் அக்கா வைப்பாரே, அந்தக் கணக்கில் பருப்பு, புளி, பொடி எவ்வளவு என்று கேட்டு உடனே வாட்ஸப்பில் அனுப்பு. காரம் பாதி போதும் என்று சொல். காய் மரத்தில் நிறையவே இருக்கிறது.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி