சிம்மக்கல் நூலகத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் என் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடியிருந்த எல்லோருக்கும் இந்த மடல். நியாயமாக மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்ட நேரத்தில் பாதிப் பேர் கடைசி டவுன் பஸ்ஸை நினைத்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரே மூச்சில் சொல்லி இறங்கிவிட்டேன். அது போதாது.

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1971-ல் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்ப்பவனாக, சேர்ந்தவன் நான். கம்ப்யூட்டர் வந்து ஈய எழுத்தை எடைக்குப் போட்ட காலம் வரை அடுத்தவர் எழுதியதைத்தான் கோர்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தேர்தல் துண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலி, எப்போதாவது ஒரு கவிதைப் புத்தகம். அந்த வாழ்க்கையைத்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் நன்றி நூலகருக்கும், வாசகர் வட்டத்துக்காரர்களுக்கும். வீட்டுப் பரணில் கிடந்த டைப் கேஸை, ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டியை, கொண்டுவரலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "தாராளமா கொண்டு வாங்க ஐயா" என்று சொன்னதோடு, நாளிதழ் மேசை ஒன்றைக் காலி செய்து, எண்ணெய்க் கறை படாமல் பழைய பேப்பரும் விரித்துத் தந்தார்கள். கேஸைத் தூக்க மூன்று ஆள் வேண்டும். ஈயம் அப்படிக் கனக்கும். படியில் கைகொடுத்த தம்பிகள், போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்தவர்கள். கூட்டத்துக்கு வந்தவர்களே இல்லை. தூக்கிக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டார்கள். அந்தத் தம்பிகளுக்கு வேலை கிடைக்கட்டும்.

பேச்சை விட அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி தன் பெயரைக் கோர்க்கப் பார்த்தாள். எழுத்தை அடுக்கக் கையில் பிடிக்கும் ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாக நிற்கும். ஆனால் இடமிருந்து வலமாகத்தான் அடுக்க வேண்டும். அவள் பெயர் நடுவில் 'மொ' வருகிறது. ம-வை எடுத்துவிட்டு, அப்புறம் கொம்பைத் தேடினாள். "கொம்புதான் முதல்ல, அப்புறம் ம, அப்புறம் கால். மூணும் மூணு எழுத்து" என்றேன். எழுத்தின் உடம்பில் இருக்கும் சின்னக் காடியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தே சரியாகத் திருப்பி வைக்கலாம் என்று காட்டியதும் அடுத்த எழுத்தைப் பார்க்காமலே வைத்தாள். நூலகத்து ஸ்டாம்ப் பேடில் மையைத் தொட்டு, இரவல் சீட்டின் பின்பக்கம் ஒற்றி எடுத்தோம். கொஞ்சம் கோணல்தான். அவள் அதை மடிக்காமல் கொண்டு போனாள். அந்தப் பிள்ளையை அழைத்து வந்த அம்மாவுக்கும் நன்றி.

1978 எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி. பெரியார் 1935-லிருந்தே 'குடி அரசு' இதழில் பயன்படுத்திக் காட்டிய புது எழுத்து வடிவங்களில் 13-ஐ அரசு 1978-ல் ஏற்றது, அவர் நூற்றாண்டை ஒட்டி. இதை எல்லோரும் சொல்வார்கள். அச்சகத்துக்குள் என்ன ஆனது என்று கேட்டவர் நீங்கள்தான் ஐயா. பழைய வடிவத்தில் யானைத் துதிக்கை போலச் சுழி போட்ட லை, னை எல்லாம் எங்களுக்குத் தனித்தனி அறை வைத்திருந்த தனித்தனி எழுத்து. உத்தரவு வந்த பிறகு அந்த அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆனால் கை சொன்னபடி கேட்கவில்லை. ரொம்ப நாள் வரைக்கும் 'இல்லை' என்று கோர்க்கும்போது விரல் காலி அறைக்குப் போய்த் துழாவிவிட்டுத்தான் திரும்பும்.

புத்தகத்தை விமர்சித்துப் பேசிய கல்லூரிப் பேராசிரியருக்கும் நன்றி. அச்சக முதலாளியை நான் தெய்வமாக்கிவிட்டேன் என்றார். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. சம்பளம் பிந்தினால் வட்டிக்கு வாங்கியாவது கொடுத்த மனுஷன் அவர். தீபாவளி மாசம் நடு ராத்திரி வரை எங்களை நிற்க வைத்தவரும் அவரேதான். இரண்டையும் எழுதியிருக்கிறேன், இரண்டாவது விஷயம் புத்தகத்தின் பின்பாதியில் வருகிறது. பேராசிரியர் அதுவரை போனாரா என்று தெரியவில்லை. ஈயத்தோடு புழங்கிய உடம்புகளைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் சரியான பேச்சு. எழுதுகிறேன்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "நீங்கள்லாம் கோத்துட்டு கைய கழுவிட்டுப் போயிருவீங்க. மடிச்சது யாரு, தைச்சது யாரு?" என்று கேட்டாரே, அந்த அக்கா. பைண்டிங்கில் காலமெல்லாம் உட்கார்ந்தவர். மைக்கைக் கொடுத்ததும் என் பேச்சை எல்லோரும் மறந்தார்கள். 16 பக்கம் அச்சான பெரிய தாளை, ஃபாரம் என்போம், மடித்து, வரிசை பார்த்து அடுக்கி, ஊசியில் நூல் கோத்துத் தைத்து, மைதாப் பசை காய்ச்சுவது வரைக்கும் சொன்னார். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். அந்தக் கையோடு பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாமல் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதைச் சொன்னபோது சபையே சத்தமில்லாமல் இருந்தது. கூலி நாள் கணக்கில் கிடையாது, மடித்த எண்ணிக்கைக்குத்தான். அக்கா, அடுத்த மாதக் கூட்டம் உங்களுடையது. வாசகர் வட்டத்தில் பேசிவிட்டேன். எழுத வராது என்று சொல்லாதீர்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.

என் புத்தகத்தை கம்ப்யூட்டரில் வடிவமைத்த தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஸ்பேஸ் அதிகம், வரி இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு புரூஃபிலும் சிவப்பு மை இறைத்து அனுப்பினேன். முகம் சுளிக்காமல் திருத்தினார். என் மனைவிக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள், அதனால் விடுகிறேன்.

பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் நன்றி, ஆனால் அடுத்த முறை அந்தக் காசுக்கு நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை.

வராதவர்களுக்கும் ஒரு நன்றி பாக்கி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே இந்த ஊரில் வீட்டு வரி கட்டும் அத்தனை பேரும் அன்றைய கூட்டத்தை நடத்தியவர்கள்தான். புத்தகத்தின் இரண்டு பிரதிகளை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்க வேண்டாம், இரவல் எடுத்துப் படியுங்கள்.

இப்படிக்கு,
பழைய கம்பாசிட்டர்,
மதுரை

பி.கு.: கேஸை வீட்டில் வைத்துப் பார்த்தபோது 12 பாயின்ட் அளவு 'ழ' எழுத்துகள் சில குறைகின்றன. பிள்ளைகள் யாராவது ஆசைப்பட்டு எடுத்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும், திருப்பித் தர வேண்டாம். வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஈயம்.