கண்டீரவாவில் வென்ற இரவுக்கு ஒரு நன்றி மடல்

சென்னையிலும் பெங்களூரிலும் வழிநெடுகிலும் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ரசிகர்களான எங்களுக்குக் கைகொடுத்த அன்பர்களுக்கு வணக்கம்.

2018 மார்ச் 17, சனிக்கிழமை இரவு, பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. 3–2 என்ற கணக்கில் பெங்களூரு எஃப்.சி.யை வென்று, இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைத் தூக்கியது. எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் தொண்டை திறக்கவில்லை. நேரில் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

முதல் நன்றி, கொல்கத்தாவில் நடக்கவிருந்த இறுதியாட்டத்தைப் பெங்களூருக்கு மாற்றிய பெரியவர்களுக்கு. அப்போது நாங்கள் அவர்களை வாழ்த்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லீக் சுற்றில் 40 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்த அணியை, 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தில் நின்ற நாங்கள், அவர்கள் ஊரிலேயே போய்ச் சந்திக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து என்று புலம்பினோம். இப்போது புரிகிறது. கொல்கத்தா என்றால் எங்களில் பலர் தொலைக்காட்சியோடு நின்றிருப்போம். பெங்களூர் என்பதால்தான் வேன் பிடித்துக் கிளம்ப முடிந்தது. தவிர, எட்டுப் புள்ளி முன்னே நின்றவர்களை அவர்களுடைய கூட்டத்தின் நடுவிலேயே முந்துவதில் இருக்கும் ருசி பொது மைதானத்தில் கிடைக்காது. 2015-லும் இதே கதைதான்: ஃபட்டோர்டாவில், கோவா அணியின் ஊரில், இதே 3–2. எங்கள் கோப்பைகள் இரண்டும் அடுத்தவர் வீட்டில் எடுத்தவை. அதில் எங்களுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

அடுத்து வியாசர்பாடி தையற்காரர் அண்ணனுக்கு. எங்கள் அணியின் நடுக்கள ஆட்டக்காரர் தன்பால் கணேஷ் பிறந்து வளர்ந்த பேட்டை அது. "கணேசுக்குத்தானே, கூலி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நீல லைனிங் துணியில் வெள்ளை எழுத்துகளை ஒட்டி, அதன்மேல் இரட்டைத் தையல் போட்டு, எங்கள் பதாகையை முடித்துக் கொடுத்தார். அவர் செய்த பெரிய உதவியை நாங்கள் உணர்ந்தது அரங்கின் வாசலில்தான். கம்பு, குழாய் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டு துணியைப் பிரித்துப் பார்த்தால், நான்கு ஓரங்களிலும் சாணுக்கு ஒரு நாடா வைத்துத் தைத்திருக்கிறார்! கேலரிக் கம்பியில் முடிச்சுப் போட்டுக் கட்டினோம். தொண்ணூறு நிமிடமும் ஒரு முடிச்சும் அவிழவில்லை.

வேன் ஓட்டுநர் அண்ணனுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது? காவிரித் தீர்ப்பு வந்து சரியாக ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்ததை எங்கள் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. போகவே வேண்டாம் என்று தடுத்த அம்மாக்களிடம், "பிள்ளைகளை நான் கொண்டுவந்து சேர்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தவர் அவர். கிருஷ்ணகிரி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கொடி பிடிக்க விடவில்லை. பாட்டையும் அணைத்துவிட்டார். நாங்கள் முகம் சுளித்தோம். கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் ஒரு தொந்தரவும் இல்லாமல் நுழைந்தபோது, பின்னாலிருந்து யாரோ தயங்கித் தயங்கிக் கை தட்டினார்கள்.

அச்சத்துக்கு வேலையே இல்லாமல் செய்தவர்கள் பெங்களூர்க்காரர்கள்தாம். மறுநாள் யுகாதி. தெருவோரமெங்கும் மாவிலையும் வேப்பம்பூவும் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு அணிக்கும் நீலந்தான் நிறம் என்பதால் பூக்கார அம்மா ஒருவர் எங்களைத் தம் ஊர்ப் பிள்ளைகள் என்றே நினைத்துக் கன்னடத்தில் வாழ்த்தினார். நாங்களும் திருத்தவில்லை, வாங்கிக்கொண்டோம். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை எங்களை இருக்கையிலேயே நிறுத்திவைத்த காவலருக்கும் நன்றி. எரிச்சலோடுதான் உட்கார்ந்தோம். அவரோ அல்சூரில் தமிழ் பேசியே வளர்ந்தவராம். பத்து நிமிடத்தில் எங்கள் பாட்டுக்கு விரலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டக்காரர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் நிறையாது. ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரின் உதாந்தா சிங் அனுப்பிய பந்தை அவர்களுடைய கேப்டன் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் வலைக்குள் தள்ளியபோது, அரையிறுதியில் மூன்று கோல் அடித்த மனிதர் அதே ஓட்டத்தில்தான் வந்திருக்கிறார் என்று எங்களுக்கு வயிறு கலங்கியது. 17-வது நிமிடம் எங்கள் கிரகரி நெல்சனின் கார்னர். கண்டீரவாவில் கேலரிக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பாதை கிடப்பதால் தொலைவில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. வலை அசைந்தது மட்டும் தெரிந்தது. துள்ளிக் குதிக்குமுன் எல்லாரும் ஒருசேர லைன்ஸ்மேனின் கொடியைத்தான் பார்த்தோம். கொடி எழவில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ்! இடைவேளைக்கு முன் அதே நெல்சன், அதே கார்னர், அதே மெய்ல்சன், அதே தலை. ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். இரண்டாவது முறையும் அவரை எட்டிப் பிடிக்க ஆளில்லை என்றால், அது எங்கள் பயிற்சியாளர் ஜான் கிரகரி கறந்தெடுத்த உழைப்பு. 67-வது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ரஃபேல் அகஸ்டோ அடித்த கோலை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அலுக்கவில்லை. 92-வது நிமிடத்தில் பெங்களூரின் மிக்கு ஒன்றைத் திருப்பியதும், மிச்சமிருந்த நொடிகளில் எங்கள் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கிடம் பந்து போகும்போதெல்லாம் எங்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். பெயரைச் சொல்ல மாட்டோம், வீட்டில் கேலி செய்வார்கள்.

பெங்களூரு எஃப்.சி.க்கும் அதன் ரசிகர்களுக்கும் நன்றி சொல்வதைச் சிலர் குத்தல் என்று எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் குத்தலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2013-இல் பிறந்து, இரண்டு முறை ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வென்று, 2016-இல் ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போன முதல் இந்திய அணி அது. இந்த லீக்குக்கு வந்த முதல் ஆண்டிலேயே பட்டியலின் தலையில் உட்கார்ந்தது. 2017 டிசம்பர் 17 அன்று லீக் சுற்றில் இதே அரங்கில் சேத்ரி சமன் செய்த மூன்றாவது நிமிடத்தில் கணேஷ் தலையால் முட்டி நம்மை வெல்ல வைத்தார். பதிலுக்கு அவர்கள் பிப்ரவரியில் சென்னைக்கு வந்து 3–1 என்று வாங்கிக் கட்ட வைத்தார்கள். இவ்வளவு உயரத்தில் நின்றவர்களை முந்தியதால்தான் இந்தக் கோப்பைக்கு இத்தனை கனம்.

அவர்களில் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்கள் டிக்கெட்டுகளை வாங்கி வைத்தவர் பரம வைரியின் ரசிகர், மேற்குக் கேலரியில் கத்துகிற கன்னட நண்பர். "தோற்றுத் திரும்பும்போது பசிக்கும், இரவுச் சாப்பாடு என் செலவு" என்று முன்கூட்டியே கிண்டல் செய்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் போனை எடுக்க மாட்டார் என்று பந்தயம் கட்டினோம். வந்தார். சேத்ரி பெயர் பொறித்த சட்டையைக்கூடக் கழற்றாமல், சிவாஜிநகரில் திறந்திருந்த ஒரு கடைக்கு எங்களை அழைத்துப் போனார். இரண்டாவது தோசை வரும்வரை வாயே திறக்கவில்லை. பிறகு திறந்தவர், கார்னரில் மெய்ல்சனை விட்டுவிட்ட தம் தடுப்பாட்டக்காரர்களை அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். பில்லுக்குக் கை நீட்டிய எங்கள் கையைத் தட்டிவிட்டுப் பணம் கொடுத்தார்.

அண்ணா, அடுத்த சீசனில் உங்கள் அணி சென்னைக்கு வரும் நாளில் நேரு விளையாட்டரங்க டிக்கெட் எங்கள் பொறுப்பு. நீங்கள் ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் சாப்பாடு எங்கள் செலவு. ஊருக்குள் வந்ததும் போன் செய்யுங்கள், எழும்பூருக்கு ஆள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கண்டீரவா கேலரியில் பதாகை கட்டிய சென்னை ரசிகர்கள்