பழைய ஒர்க்ஸ்டேஷன்: மீதிப் பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புரோகிராம் எழுதக் கற்கும் பிள்ளைகள் கடன் வாங்கிப் புது லேப்டாப் எடுக்க வேண்டாம், நிறுவனங்கள் கழித்துக்கட்டும் ஒர்க்ஸ்டேஷனே (கனமான வேலைக்கென்று செய்த மேசைக் கம்ப்யூட்டர்) போதும் என்று உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாதி சரி. இரண்டு ஆண்டுகளாக அப்படி ஒன்றில்தான் என் பிழைப்பு நடக்கிறது. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே 2016-இல் வந்த இன்டெல் ஜியான் இ5-2680 வி4 சிப், 14 கோர்; அதாவது ஒரே நேரத்தில் தனித்தனி வேலை பார்க்கும் 14 பகுதிகள். வெளிவந்தபோது அந்தச் சிப் மட்டுமே 1,700 டாலருக்கு மேல் விற்றது. ராம் 64 ஜிபி. சர்வரில் போடும் ரெஜிஸ்டர்டு வகை என்பதால் சாதாரண கம்ப்யூட்டரில் அது வேலை செய்யாது. கேட்பாரற்றுக் கிடந்ததை மலிவாகத் தள்ளிவிட்டார்கள்.

கட்டுரையாளர் கோர்களை எண்ணியே வேகத்தை முடிவு செய்துவிட்டார். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய என் புராஜெக்ட் முழுவதையும் கம்பைல் செய்ய, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, இதற்கு 5 நிமிடம். தங்கை மகன் 31,000 ரூபாயில் புதிதாகச் சேர்த்த கோர் ஐ3-12100 கம்ப்யூட்டருக்கு, நான்கே கோர், 7 நிமிடம். பழசுதான் ஜெயித்தது. ஆனால் முழு கம்பைல் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோதான். மற்ற நேரமெல்லாம் ஒரு ஃபைலில் நான்கு வரி திருத்துவோம், ஓட்டிப் பார்ப்போம், மறுபடி திருத்துவோம். அந்த ஒரு ஃபைலை ஒரு கோர்தான் கவனிக்கும். மற்ற பதின்மூன்றும் கைகட்டி நிற்கும். அதற்கு என்னுடையது 19 நொடி எடுக்கிறது, அவனுடையது 11. எட்டு நொடிதானே என்று நானும் நினைத்தேன். ஒரு நாளில் நூறு முறை அந்த எட்டு நொடி திரையை வெறித்துப் பார்த்தால் தெரியும்.

மின்சாரத்தைக் கட்டுரை தொடவே இல்லை. சும்மா இருக்கும்போதே 80 வாட், கம்பைல் ஓடும்போது 190 என்று மீட்டர் காட்டுகிறது. சராசரி 100 வாட், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 500 யூனிட்டை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கணக்கு அந்த எல்லையைத் தாண்டியது; அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிட்டது. மனைவி பில்லை எடுத்து வந்து கீபோர்டின் மேல் வைத்தார்.

விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இந்தத் தலைமுறைச் சிப்கள் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டால் கவலையில்லை.

அதற்காக நான் இதை விற்கப் போவதில்லை. மூன்று விர்ச்சுவல் மெஷின்களையும் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்கள்) ஆண்ட்ராய்டு எமுலேட்டரையும் (திரையில் ஓடும் போலி போன்) ஒருசேரத் திறந்து வைத்து வேலை பார்ப்பவனுக்கு 64 ஜிபி பெரிய சௌகரியம். இணையதளம் கட்டக் கற்கும் மாணவருக்கு இது எதற்கு?

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பவர் சப்ளையைப் பார்த்து வாங்குங்கள். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் அதன் இணைப்பே தனி வகை. கெட்டால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. கடையிலேயே அரை மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டவும் சொல்லுங்கள். நானும் ஓட்டிப் பார்த்தேன். ரிச்சி தெரு இரைச்சலில் அதன் ஃபேன் சத்தம் மட்டும் காதில் விழவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேலம்.